பெட்டகம் துடைத்த கதை

எங்கள் எல்லோர் வீட்டிலும் ஏதோவொரு மூலையில் ஒரு பழைய மரச்சாமான் கிடக்கும். கால் ஆடுகின்ற வாங்கு, லாச்சி இறுகிப்போன மேசை, பிரம்பு அறுந்த சாய்மனைக் கதிரை. எறியவும் மனம் வராது, பாவிக்கவும் முடியாது. "ஒரு நாளைக்குத் திருத்துவம்" என்று சொல்லிச் சொல்லியே அதைக் கறையானுக்குக் கொடுத்துவிடுவோம்.

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் நயினாதீவில் அப்படியொரு பெட்டகத்தை நான் துப்புரவாக்கினேன். பதினொரு நாள் எடுத்தது. செய்ததில் பெரும்பகுதி சரியாக வந்தது. ஒரு வேலை மட்டும் திருத்தவே முடியாத பிழையாகப் போனது. இரண்டையும் எழுதித் தரும்படி எங்கள் தமிழ் ஆசிரியை கேட்டார். தோழியரே, நீங்களும் வீட்டிலுள்ள பழைய அலுமாரியில் கைவைக்கும் எண்ணத்தோடு இருந்தால், இதை வாசித்த பிறகு தொடங்குங்கள்.

நயினாதீவு என் உம்மம்மாவின் ஊர். நாகபூசணி அம்மன் கோயிலாலும் நாக விகாரையாலும் எல்லோரும் அறிந்த தீவு அது. அங்கே ஒரு பள்ளிவாசலும் அதைச் சுற்றி முஸ்லிம் குடும்பங்களும் இருந்ததைச் சொன்னால் எங்கள் வகுப்பிலேயே பலர் வியக்கிறார்கள். 1990ஆம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மம்மாவின் குடும்பமும் புத்தளத்துக்கு வந்தது. கையில் தூக்கக்கூடியதைத்தான் கொண்டுவந்தார்கள். நாலு ஆண்கள் சேர்ந்தாலும் தூக்கச் சிரமப்படுகின்ற பெட்டகத்தை யார் கொண்டுவருவது? அடுத்த வீட்டு ஆச்சி அதைத் தன் பிள்ளைகளை விட்டு இழுப்பித்துத் தன் குசினிக்குள் வைத்துக்கொண்டார். அரிசி போட்டார். ஒடியல் போட்டார். பிறகு கிழிந்த வலை, தேங்காய், பழைய சாக்கு என்று கையில் அகப்பட்டதெல்லாம் போட்டார். போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின், மாமா தங்கள் பழைய வீட்டுக் கூரையைத் திருத்தப் போனபோது, "இது உங்கட சாமான். நான் வைச்சுப் பாத்தனான்" என்றாராம் ஆச்சி. அந்த விடுமுறையில் உம்மாவும் நானும் மாமாவோடு போய் அரைவாசி திருத்திய வீட்டில் தங்கினோம். பெட்டகம் எங்கள் விறாந்தைக்கு வந்தது.

நாலரை அடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம். வெளிப்புறம் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து தார் பூசியது போலிருந்தது. மூடியின் உட்புறம் முழுவதும் அடுப்புப் புகை. பின்கால் ஒன்றைக் கறையான் தின்றிருந்தது. பித்தளைப் பட்டங்களில் பச்சைக் களிம்பு. பூட்டு துருவேறிக் கல்லாகியிருந்தது.

வேலைக்குள் போகுமுன் ஒரு சின்ன விலகல். அலுமாரி, மேசை, கதிரை, யன்னல், சாவி, விறாந்தை ஆகிய சொற்களெல்லாம் போர்த்துக்கேயரிடமிருந்து எங்களுக்கு வந்தவை. லாச்சி ஒல்லாந்தருடையது, கந்தோரும் அப்படியே. தீவுப்பகுதி மக்கள் வீட்டுக்குள் கண்ணைத் திருப்புகின்ற இடமெல்லாம் கடல் கடந்து வந்த ஒரு சொல் இருக்கிறது. நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரொன்றின் பெயரை வைத்து டெல்ப்ட் என்றார்கள்; அது இன்றும் வழக்கில் இருக்கிறது. பெட்டகம் என்ற சொல் அப்படிக் கடல் கடந்து வந்ததல்ல. மரமும் தீவுக்கு வெளியிலிருந்து வந்ததுதான். சுண்ணக்கல்லும் பனையும் நிறைந்த தீவுகளில் பெரிய பலகை அறுக்கத்தக்க மரம் குறைவு. முதிரை, பாலை, கருங்காலி எல்லாம் வன்னிக் காட்டு மரங்கள். எங்கள் பெட்டகம் முதிரை. துடைத்த பிறகுதான் அதன் பொன்மஞ்சள் தெரிந்தது. அதுவரை எனக்கு அது வெறும் கறுப்பு மரம்.

ஊர்காவற்றுறையிலிருந்து ஒரு முதிய ஓடாவியார் வந்து எங்களுக்கு வழிகாட்டினார். இளமையில் வள்ளம் கட்டியவர். பஸ்ஸில் குறிகட்டுவான் வந்து, அங்கிருந்து வள்ளமேறி வரவேண்டும். சோளகக் காற்றுக் காலம். கடல் கொந்தளிப்பாக இருந்ததால் சொன்ன நாளில் அவர் வரவில்லை, மூன்று நாள் பிந்தித்தான் வந்தார். என் பிழை அந்த மூன்று நாளுக்குள் நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், எந்த ஒழுங்கில் செய்திருக்க வேண்டுமோ அந்த ஒழுங்கில் சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலை பார்ப்பது. துணியும் வாளியும் எடுக்காமல், வெறுங்கையோடு சுற்றிச் சுற்றிப் பார்ப்பது. நாலு பக்கமும், அடிப்பக்கமும், மூடியின் உட்பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கைபேசி விளக்கைப் பலகையோடு ஒட்டிச் சரிவாகப் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறல், பள்ளம், பழைய உளித்தடம் எல்லாம் நிழல் விழுந்து தெரியும். ஒரு வியாபாரி முன்பு வந்து, இது "டச்சுக் காலத்து" என்று சொல்லி விலை பேசிப் போயிருந்தார். ஓடாவியார் பிணைச்சலில் இருந்த ஒரு திருகாணியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "நுனியைப் பார் பிள்ளை. கூரா இருக்குதோ, மொட்டையா இருக்குதோ?" கூராக இருந்தது. கூர்நுனித் திருகாணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் இயந்திரத்தில் செய்யப்பட்டுப் பரவியது. அதற்கு முந்தியவை மொட்டை நுனி. ஒல்லாந்தர் ஆட்சி 1796இலேயே முடிந்துவிட்டது. பிணைச்சலைப் பின்னாளில் மாற்றியிருக்கலாம்தான். ஆனால் பலகையில் வேறு பழைய ஆணித்துளைகள் இல்லை. ஆகவே டச்சுப் பெட்டகம் அல்ல. உண்மையான ஒல்லாந்தர் காலத் தளபாடங்களைப் பார்க்க விரும்பினால் கொழும்புப் புறக்கோட்டையில் ஒல்லாந்தர் கால நூதனசாலை இருக்கிறது. ஆளுநர் ஒருவருக்காகக் கட்டப்பட்ட பதினேழாம் நூற்றாண்டு வீடு அது. எங்கள் பெட்டகம் ஒரு தீவு வீட்டுக்கு யாரோ ஒரு தச்சர் செய்து கொடுத்தது. எனக்கு அது ஏமாற்றமாக இருக்கவில்லை. மாமாவுக்குக் கொஞ்சம் இருந்தது.

அடுத்தது உலர்ந்த துப்புரவு. நிழலில் வைத்து, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, மென்மையான பிறஷால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தட்டிவிட வேண்டும். எலிப்புழுக்கை இருந்தால் காய்ந்த நிலையில் கூட்டக்கூடாது. தூசியாகப் பறந்து மூச்சில் போகும். கையுறை போட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். எங்கள் பெட்டகத்திலிருந்து மட்டும் ஒரு கடகம் நிறையக் குப்பை வந்தது. ஒரு இரண்டு சதக் காசும் வந்தது. அதை மாமாவின் மகன் எடுத்துக்கொண்டான்.

பூச்சி உயிரோடு இருக்கிறதா என்பதை அறிவது மிக முக்கியம். இங்கே இரண்டு எதிரிகள். கறையான் மண்ணிலிருந்து மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறிவரும். மண்ணோடு தொடர்பை அறுத்தால் பெரும்பாலும் அதன் வழி அடைபடும். வண்டு வேறு வகை. அது மரத்துக்குள்ளேயே இருந்து தின்று, குண்டூசித் தலையளவு துளையிட்டு வெளியே வரும். துளையைக் கண்டதும் நாங்கள் மருந்து அடிக்க ஓடுவோம். ஆனால் துளை என்பது வண்டு போன வழி. அது ஐம்பது வருடத்துக்கு முன் போயிருக்கவும் கூடும். ஓடாவியார் சொன்ன சோதனை எளிமையானது. பெட்டகத்தின் கீழே கறுப்புத் துணியை விரித்து நாலைந்து நாள் அசைக்காமல் விடுவது. புதிய மா விழுந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது, விழாவிட்டால் பெரும்பாலும் இல்லை. நாங்கள் உம்மாவின் பழைய கறுப்புப் பர்தாத் துணியை விரித்தோம். ஐந்தாம் நாளும் சுத்தமாக இருந்தது. அரிசி வைக்கின்ற பெட்டகத்துக்குள் நஞ்சு அடிக்காமல் தப்பினோம்.

கறையான் தின்ற காலை என்ன செய்வது? விரல் மடக்கித் தட்டிக்கொண்டே போனால், நல்ல மரம் கணீரென்று கேட்கும். தின்ற இடம் பொத்தென்று கேட்கும். சத்தம் மாறுகின்ற இடத்தில் ஓடாவியார் பென்சிலால் கோடு போட்டார். அதற்குக் கீழே மட்டும் வெட்டி, வீட்டுக் கூரையிலிருந்து கழற்றிய பழைய முதிரைத் துண்டொன்றைப் பொருத்தினார். ஒட்டுவதற்கு அவர் கொண்டுவந்தது வச்சிரம். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கின்ற பழைய பசை. கடையில் வெள்ளைப் பசை இருக்க இது எதற்கு என்று கேட்டேன். வெந்நீரும் சூடும் பட்டால் வச்சிரம் இளகும். நாளைக்கு வேறொரு தச்சர் அந்தத் துண்டைக் கழற்ற விரும்பினால் மரத்தை உடைக்காமல் கழற்றலாம். நூதனசாலைகளில் வேலை செய்பவர்களும் இதையே பெரும் விதியாகக் கொண்டிருக்கிறார்கள்: இன்று நாங்கள் சேர்க்கும் எதையும் நாளை ஒருவர் நீக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பிறகு நாலு காலுக்கும் கீழே முருகைக்கல் துண்டு வைத்தோம். மண்ணும் மரமும் இனித் தொடாது.

இப்போது தண்ணீர். தீவில் இதை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் வளவுக் கிணறு உவர். முதல் நாள் அந்தத் தண்ணீரில் துணியை நனைத்து ஒரு பக்கத்தைத் துடைத்தேன். காய்ந்ததும் பலகையில் வெள்ளை படர்ந்தது. கடற்காற்று அந்த மரத்தில் ஏற்கனவே நிறைய உப்பை வைத்திருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஆணியைத் துருப்பிடிக்கச் செய்யும். அதற்கு மேல் நானும் உப்பைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குடிக்க வாங்குகின்ற நன்னீரில் ஒரு சிறிய கோப்பை எடுத்துக்கொண்டோம். அதுவே போதும், மரத்தைக் குளிப்பாட்டக் கூடாது. துணியை நனைத்து, இனிச் சொட்டாது என்னும்வரை முறுக்கி, கையளவு இடத்தைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். பிசுக்கு அதிகமான இடத்துக்குப் பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம் இரண்டு துளி கலந்தோம். பின் வெறும் நன்னீர்த் துணியால் இருமுறை. எதையும் முதலில் பின்பக்கத்தில், ஒருவரும் பார்க்காத மூலையில் சோதித்துப் பார்த்துத்தான் முன்பக்கத்துக்கு வர வேண்டும்.

இன்னொரு துப்புரவு நீரும் உண்டு. சொன்னால் அருவருப்பீர்கள்: எச்சில். ஓவியம், சிலை, பழம்பொருள்களைப் பேணுபவர்கள் பஞ்சில் எச்சில் தொட்டு நுண்ணிய வேலைகளைத் துடைப்பது உண்மையான வழக்கம். எச்சிலிலுள்ள அமைலேஸ் என்ற நொதியமே அழுக்கை இளக்குகிறது என்று போர்த்துக்கேய ஆய்வாளர்கள் காட்டினார்கள். முதலில் சிரிக்கவைத்துப் பின் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2018இல் அவர்களுக்குக் கிடைத்தது. பித்தளைப் பட்டத்தின் பூ வேலைப்பாட்டில் நானும் செய்து பார்த்தேன். வேலை செய்கிறது. ஆச்சி பார்த்துவிட்டு, "துப்பியோ துடைக்கிறாய்?" என்று கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். அவருடைய வழி பழப்புளி. புளி பித்தளையை மின்ன வைக்கும்தான். ஆனால் புளிச்சாறு மரத்தில் வடிந்தால் கறை பிடிக்கும். கழற்றக்கூடிய பட்டங்களைக் கழற்றிப் புளி போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்திப் பூட்டினோம். கழற்றினால் மரம் பிளக்கும் என்றிருந்த இரண்டை அப்படியே விட்டோம். அவை இன்னும் மங்கலாகத்தான் இருக்கின்றன. இரும்பு ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருப்பதையும் விட்டுவிட்டோம். அது அழுக்கல்ல, மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கிய நிறம். அந்தக் காலத்து எழுதுமையும் இதே முறையில்தான் செய்யப்பட்டது.

எழுதுமை என்றதும் என் பிழைக்கு வரவேண்டியிருக்கிறது.

ஓடாவியார் வராத மூன்று நாளில், மூடியின் உட்புறக் கறுப்பைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுமை போயிற்று. வெறும் புகை என்றுதான் எண்ணினேன். மாமாவின் பெட்டியில் சாண்ட் பேப்பர் இருந்தது. ஒரு மூலையில் தேய்த்தேன். கறுப்புப் போய்ப் பளிச்சென்ற மஞ்சள் தெரிந்தது. எவ்வளவு மகிழ்ச்சி! உள்ளங்கை அளவு இடம் வெளுத்த பிறகு, அதன் ஓரத்தில் புகைக்குக் கீழே ஒரு வளைவு தெரிந்தது. பிறகு ஒரு புள்ளி. பிறகு இன்னொரு வளைவு. கையை எடுத்துவிட்டேன்.

அரபு எழுத்து. குர்ஆன் ஓதத் தெரிந்ததால் எழுத்துகளைக் கூட்ட முடிந்தது; ஆனால் அரபியாக ஒரு பொருளும் வரவில்லை. சத்தமாகக் கூட்டினேன். "பி... ற... ந்..." பின்னால் நின்ற உம்மா, "பிறந்தது" என்றார். அரபுத் தமிழ். எங்கள் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய முறை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளி கூட்டிப் புதிய எழுத்துகளும் அமைத்திருந்தார்கள். அதைப் பற்றி நான் பாடத்தில் வாசித்திருக்கிறேன். வீட்டு மரத்தில் இருக்கும் என்று நினைக்கவில்லை. உம்மம்மாவின் வாப்பா தன் பிள்ளைகள் பிறந்த நாள்களைப் பெட்டக மூடியின் உள்ளே மையால் எழுதி வைத்திருந்தார். ஐந்து வரி. நான்கு வரி புகைக்குக் கீழே பத்திரமாக இருந்தன. ஐந்தாவது வரியின் தலைப்பகுதியை நான் தேய்த்து எடுத்திருந்தேன். அந்த வரி உம்மம்மாவுடையது.

அதற்குப் பிறகு மூடியில் ஒரு துளி தண்ணீரும் வைக்கவில்லை, மை கரைந்துவிடலாம். ஓடாவியார் வந்து பார்த்தார். "ஆர் உன்னை உரஞ்சச் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். மரத்தின் மேற்பரப்பு காற்றும் வெளிச்சமும் கைபடுதலும் சேர்ந்து பல பத்தாண்டுகளில் நிறம் முதிர்ந்த ஒரு மெல்லிய தோல். அது ஒரு தாளின் தடிப்புக்கூட வராது. சாண்ட் பேப்பர் முதலில் எடுப்பது அதைத்தான். புகையை எடுக்க அவர் சொன்ன பொருள் பாண். வெள்ளைப் பாணின் உள்சதையைப் பிசைந்து உருட்டி, அழுத்தாமல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். கறுத்ததும் அந்த உருண்டையை எறிந்துவிட்டு அடுத்தது. அழிறப்பர் வருமுன் பென்சில் கோட்டையும் பாணால்தான் அழித்தார்களாம். இரண்டு இறாத்தல் பாணும் மூன்று பின்னேரமும் செலவாயின. கடைசியில் ஒரு துகளும் தங்காமல் பிறஷால் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் எறும்பு வரும், எறும்போடு எல்லாம் வரும்.

எழுத்துகள் மெல்ல மேலே வந்தன. அவற்றுக்குக் கீழே கரிக்கோடுகளும் வந்தன. நாலு கோடு நிமிர்த்தி, ஐந்தாவதைக் குறுக்கே போட்டது. ஆச்சி கிட்ட வந்து பார்த்து வெட்கப்பட்டார். அரிசி எத்தனை கொத்து எடுத்தேன் என்று தான் போட்ட கணக்கு அது என்றார். "அழிச்சு விடு பிள்ளை, அசிங்கமாக் கிடக்குது." உம்மாவுக்கும் அழிக்கத்தான் விருப்பம், குடும்பத்தின் எழுத்து மட்டும் தனியே தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். அன்றிரவு இதைப் பற்றி நிறையப் பேசினோம். கரிக்கோடு அழுக்கா? மேலே இருக்கும் மை அழுக்கல்ல என்றால், கீழே இருக்கும் கரி எப்படி அழுக்காகும்? அந்தக் கோடுகள் இல்லாத காலத்தில் பெட்டகம் எங்கே இருந்தது, யார் வீட்டில் விறகாகாமல் இருந்தது? நான் அழிக்கவில்லை. உம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மெருகு பற்றியும் சொல்ல வேண்டும். வெளிப்புறத்தில் பழைய பூச்சு என்ன என்று அறிய, ஒளிவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பார்த்தோம். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்குப் பொலிஷ். மரத்தில் வாழும் அரக்குப் பூச்சி சுரப்பதிலிருந்து எடுப்பது. எங்களுடையது இளகியது. ஆகவே ஸ்பிரிட், தின்னர் எதுவும் இனிக் கிட்ட வரக்கூடாது என்று தெரிந்தது. தேங்காயெண்ணெய் பூசச் சொன்னவர்கள் பலர். பூசிய அன்று அழகாக இருக்கும். ஆனால் தேங்காயெண்ணெய் காயாது. பிசுக்காக நின்று தூசியைப் பிடிக்கும், நாளடைவில் காறல் மணக்கும். ஆளிவிதை எண்ணெய் காயும். ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். பாவிப்பவர்கள் துணியை வெளியில் விரித்துக் காயவிட வேண்டும். நாங்கள் தேன்மெழுகை டர்பன்டைனில் கரைத்து மிக மெல்லியதாகத் தடவி, ஒரு இரவு விட்டு, பருத்தித் துணியால் தேய்த்தோம். அடுப்புக்குக் கிட்ட வைத்துக் கரைக்கக்கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் போத்தலை வைத்தாலே போதும். உட்புறத்தில் ஒன்றும் பூசவில்லை. மூடியைத் திறந்து நிழலில் ஒரு கிழமை காற்றுப்பட வைத்தோம். வெயிலில் வைத்திருந்தால் ஓகஸ்ட் காற்றில் பலகை ஒரு பக்கம் மட்டும் காய்ந்து பிளந்திருக்கும்.

ஏன் கடையில் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். கொடுத்துப் பார்த்த அனுபவம் உண்டு. என் அப்பாவின், அதாவது உம்மம்மாவின் கணவரின், சாய்மனைக் கதிரையைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் கொடுத்தோம். இயந்திரத்தால் உராய்ந்து, கண்ணாடி போல வார்னிஷ் அடித்துத் தந்தார்கள். கைப்பிடியில் அவர் கை கிடந்து கிடந்து விழுந்த பள்ளம் மட்டமாகிவிட்டது. வெயில் காலத்தில் அந்த வார்னிஷ் முதுகில் ஒட்டுகிறது, யாரும் இருப்பதில்லை. பிரம்பு தொய்ந்த கதிரையென்றால் நீங்களே ஒன்று செய்யலாம்: கவிழ்த்து வைத்து, பின்னலை அடிப்பக்கத்திலிருந்து வெந்நீர்த் துணியால் நனைத்து, ஒருவரும் இருக்காமல் காயவிடுங்கள். அறுந்திராத பிரம்பு ஓரளவு இறுகும். இறுகிய லாச்சியை மாரி காலத்தில் இழுத்து உடைக்காதீர்கள், மரம் ஊதியிருக்கிறது. வெயில் வந்ததும் அது வெளியே வரும்போது ஓடுபாதையில் மெழுகுதிரியைத் தேய்த்துவிடுங்கள். பழைய எனாமல் பெயின்ற் அடித்த கட்டில், தொட்டில் என்றால் உராயவே வேண்டாம். அந்தக் காலப் பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும்; அந்தத் தூசி சிறு பிள்ளைகளின் மூளைக்குக் கேடு.

பெட்டகத்தைப் புத்தளத்துக்குக் கொண்டுவரவில்லை. மாமா வீட்டு விறாந்தையில், ஆச்சி வீட்டு வேலியைப் பார்த்தபடி நிற்கிறது. ஆச்சியின் அரிசிச் சாக்கு திரும்பவும் அதற்குள்தான் இருக்கிறது. வீட்டில் எலி என்று சொல்லி அவரே கொண்டுவந்து வைத்தார்.

நான் அழித்த வரியைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. மாதமும் ஆண்டும் தப்பியிருந்தன: ஸஃபர், ஹிஜ்ரி 1356. அது 1937ஆம் ஆண்டு ஏப்ரல், மே அளவில் வரும். உம்மம்மாவின் அடையாள அட்டையில் 1940 என்று இருக்கிறது. நாள்தான் போய்விட்டது. கடைசி இரவு மாமா கைபேசி விளக்கை மூடியோடு ஒட்டிச் சரிவாகப் பிடித்தார். நான் வெளுக்கத் தேய்த்த இடத்தின் கீழ் ஓரத்தில் இரண்டு சிறிய கால்கள் விரிந்து நின்றன. அரபு இலக்கத்தில் ஏழு கீழே கூராக முடியும். எட்டு கீழே இரு கால் விரித்து நிற்கும். ஆகவே எட்டு. அதற்கு முன்னால் இன்னோர் இலக்கம் இருந்ததா, இருந்தால் ஒன்றா, இரண்டா என்பது சாண்ட் பேப்பரோடு போய்விட்டது. ஸஃபர் எட்டு, பதினெட்டு, இருபத்தெட்டு. மூன்றில் ஒன்று.

உம்மம்மாவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அழித்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மூண்டு வயசு கூடிப்போச்சே மகள்" என்றார். படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். தன் வாப்பாவின் எழுத்தை அவர் பார்த்து எத்தனை ஆண்டு என்று எனக்குத் தெரியாது. மறுநாள் அவரே எடுத்தார். "எட்டா, பதினெட்டா, இருபத்தெட்டா எண்டு நீதானே அழிச்சனீ? அப்ப வாற ஸஃபர்ல மூண்டு நாளும் எனக்கு வட்டிலப்பம் செய்து தா."